உப்புக்காற்றில் ஏழு ஒயர்

இடதுபக்க இண்டிகேட்டரைப் போட்டால் டிரெய்லரின் இடது விளக்கு மட்டும் மினுக்க வேண்டும். ஆனால் முன்னால் இழுக்கும் டிராக்டரின் பிரேக் லைட்டும் சேர்ந்து மங்கலாக மினுக்குகிறது. பிரேக்கை மிதித்தால் டிரெய்லரின் பின்பக்க வெளிச்சம் கூடுவதற்குப் பதிலாகக் குறைகிறது. பள்ளத்தில் வண்டி குலுங்கியதும் ஒரு நொடி எல்லாம் ஒழுங்காக எரிகிறது. அடுத்த நொடியே பழைய கதை. ஓட்டுநர் பல்பை மாற்றிப் பார்க்கிறார், ஃபியூஸை மாற்றிப் பார்க்கிறார். ஒன்றும் பலிப்பதில்லை. கடலோரத்தில் டிரெய்லர் ஒயரிங் வேலை பார்க்கும் ஆட்டோ எலக்ட்ரீஷியன்களுக்கு இந்தக் கோளாறு புதிதல்ல. பெரும்பாலும் அவர்கள் பல்பைத் தொடுவதே இல்லை. நேராகக் கீழே குனிந்து, எர்த் எங்கே போயிருக்கிறது என்றுதான் தேடுகிறார்கள்.

ஒரு வண்டிக்குப் பின்னால் இன்னொரு வண்டியை மாட்டும்போது இரும்புக் கொக்கி சுமையை இழுத்துவிடும். விளக்குகளுக்கு மின்சாரம் போக வேண்டுமே, அதற்குத்தான் ஒயரிங். பார்க்க எளிதான வேலை: ஏழு ஒயர், ஒரு பிளக், ஒரு சாக்கெட். உள்நாட்டு ஊரில் அரை நாளில் முடித்துவிட்டுப் பல வருடம் மறந்துவிடலாம். பழவேற்காடு மாதிரியான இடத்தில் அப்படி மறக்க முடியாது.

சென்னைக்கு வடக்கே, திருவள்ளூர் மாவட்டம் பொன்னேரி வட்டத்தில் இருக்கிறது பழவேற்காடு. ஒடிசாவின் சிலிகாவுக்கு அடுத்தபடி நாட்டிலேயே பெரிய உவர்நீர் ஏரி இதுதான். ஏரியின் பெரும்பகுதி ஆந்திரத்தில். தென்கோடியும் அங்கே கடலோடு கலக்கும் முகத்துவாரமும் தமிழ்நாட்டுப் பக்கம். தெற்கிலிருந்து ஆரணி ஆறு நன்னீரைக் கொண்டுவருகிறது. பக்கிங்காம் கால்வாய் ஏரியோடு சேர்ந்தே ஓடுகிறது. கிழக்கே ஸ்ரீஹரிகோட்டா தீவு வங்கக்கடலுக்கும் ஏரிக்கும் நடுவே அணைபோல நீள்கிறது. லைட்ஹவுஸ் குப்பம், கூனங்குப்பம், அரங்கங்குப்பம், வைரவன்குப்பம், கோரைகுப்பம் எனக் கரை நெடுக மீனவர் குப்பங்கள். சில குப்பங்களுக்கு ஒரு பக்கம் ஏரி, மறுபக்கம் கடல். எந்தத் திசையிலிருந்து காற்று அடித்தாலும் அதில் உப்பு இருக்கும்.

இறால், நண்டு, மடவை என்று பிடிபடுவதெல்லாம் ஐஸ் பெட்டியில் அடைபட்டு லோடு ஆட்டோவிலும் மினி வேனிலும் ஏறிப் போகிறது. ஐஸ் உருகும்; மீன் நீரும் உப்பும் கலந்த அந்தக் கழிவு, பெட்டியின் இடுக்கு வழியே சொட்டி, சரியாக வண்டியின் பின்பக்க ஒயரிங் ஓடும் சேஸின் மேல் விழும். சோழமண்டலக் கரை நெடுக ஃபைபர் படகுகளை மணலில் ஏற்றி இறக்க டிராக்டர் வருகிறது. புயல் எச்சரிக்கை வந்தால் படகுகளை மேட்டுக்கு இழுத்துப் போவதும் அதுதான். காட்டுப்பள்ளி போகும் கடலோரச் சாலையில் கடல் ஏறி மணல் மூடும் நாட்களில் வண்டிகள் உப்புத் தண்ணீரிலேயே நடக்க வேண்டியிருக்கிறது. கடல் நீரின் ஒவ்வொரு லிட்டரிலும் சுமார் 35 கிராம் உப்பு. கோடையில் முகத்துவாரம் அடைத்துக்கொண்டு ஏரி நீர் ஆவியாகும்போது ஏரியின் உப்பு கடலையும் மிஞ்சிவிடும்.

இந்த உப்பு அந்த ஏழு ஒயரை என்ன செய்கிறது என்று பார்க்குமுன், ஏழு ஒயரும் எதற்கு என்று தெரிய வேண்டும்.

12 வோல்ட் வண்டிகளுக்கான ஏழு பின் சாக்கெட்டை ஐஎஸ்ஓ 1724 என்ற உலகத் தரம் வரையறுக்கிறது. அதன்படி மஞ்சள் ஒயர் இடது இண்டிகேட்டருக்கு, பச்சை வலது இண்டிகேட்டருக்கு, சிவப்பு பிரேக் லைட்டுக்கு, பழுப்பு வலது பார்க்கிங் லைட்டுக்கு, கறுப்பு இடது பார்க்கிங் லைட்டுக்கு. நீலம் பனிமூட்ட விளக்குக்கோ வேறு கூடுதல் தேவைக்கோ. மிச்சம் இருக்கும் வெள்ளைதான் எர்த். அமெரிக்காவில் சிறிய டிரெய்லர்களுக்கு நான்கே ஒயர் கொண்ட தட்டை பிளக். அங்கே பிரேக் லைட்டும் இண்டிகேட்டரும் ஒரே பல்பாக இருப்பதுண்டு என்பதால் மஞ்சளும் பச்சையும் இரட்டை வேலை பார்க்கின்றன. எந்த நாட்டு முறையை எடுத்தாலும், எத்தனை பின் இருந்தாலும், ஒரு பின்னாவது தவறாமல் எர்த்துக்கு ஒதுக்கப்பட்டிருக்கும்.

மற்ற ஒயர்களுக்கும் வெள்ளைக்கும் ஒரு பெரிய வித்தியாசம் உண்டு. சிவப்பு ஒயர் அறுந்தால் பிரேக் லைட் மட்டும் எரியாது. மஞ்சள் அறுந்தால் ஒரு பக்க இண்டிகேட்டர் மட்டும் போகும். ஒவ்வொன்றும் தன் விளக்குக்கு மட்டுமே பதில் சொல்லும். ஆனால் எல்லா விளக்குகளுக்கும் போன மின்சாரம் பேட்டரிக்குத் திரும்பி வருவது வெள்ளை ஒன்றின் வழியாகத்தான். இரண்டு பிரேக் பல்பு 21 வாட் வீதம் 42 வாட், இரண்டு பார்க்கிங் பல்பு 5 வாட் வீதம் 10 வாட், ஒரு இண்டிகேட்டர் 21 வாட். கூட்டினால் 73 வாட், அதாவது ஏறத்தாழ 6 ஆம்பியர். போகும்போது பிரிந்து போன மின்சாரம் முழுவதும் வரும்போது ஒரே பாதையில் வருகிறது.

அந்தப் பாதைக்கு ஒயரே தேவையில்லை என்பதுதான் பழைய பட்டறைப் பழக்கம். இதற்கு ஒரு நீண்ட வரலாறு இருக்கிறது. 1838இல் ஜெர்மனியின் மியூனிக் நகரில் தந்தி ஆய்வு செய்துகொண்டிருந்த கார்ல் ஆகஸ்ட் ஃபான் ஸ்டைன்ஹைல், போகும் கம்பி ஒன்று இருந்தால் போதும், திரும்பும் வழிக்குப் பூமியையே பயன்படுத்தலாம் என்று கண்டுகொண்டார். தந்திக் கம்பியின் செலவு பாதியானது. பின்னால் வந்த மோட்டார் வண்டிகளும் இதே சிக்கனத்தைப் பின்பற்றின. பூமிக்குப் பதிலாக வண்டியின் இரும்பு உடம்பு. பேட்டரியின் நெகட்டிவ் முனையை சேஸில் பூட்டிவிட்டால், எந்த விளக்குக்கும் ஒரு ஒயர் கொடுத்தால் போதும். மறுமுனையை அருகிலுள்ள இரும்பில் ஒரு திருகாணி வைத்து முறுக்கினால் வேலை முடிந்தது.

இரும்பு முழுசாக, ஒரே துண்டாக, துருவில்லாமல் இருக்கும்வரை இது அருமையான ஏற்பாடு. டிரெய்லர் ஒரே துண்டல்ல. டிராக்டருக்கும் டிரெய்லருக்கும் நடுவே இருப்பது ஒரு கொக்கியும் ஒரு பின்னும்தான். அந்தப் பின்னில் கிரீஸ் பூசியிருக்கும், கிரீஸுக்கு மேல் மண், மண்ணுக்குக் கீழே துரு. இழுக்கும்போது பின் ஒரு பக்கம் அழுந்தும், பிரேக் போட்டால் மறுபக்கம் அழுந்தும், நடுவில் தொடாமலும் தொங்கும். வெள்ளை ஒயரைப் போடாமல் விட்ட டிரெய்லர்களில் விளக்கு மேடு பள்ளத்துக்கு ஏற்ப வந்து வந்து போவதன் காரணம் இந்தப் பின்தான்.

ஒரு சின்னக் கணக்கு போட்டால் விஷயம் இன்னும் தெளியும். எரியும் 21 வாட் பல்பின் மின்தடை சுமார் 7 ஓம். இரண்டு பிரேக் பல்பு இணையாக இருக்கும்போது அது 3.4 ஓம். எர்த் போகும் திருகாணியின் கீழே துரு படிந்து அங்கே வெறும் 1 ஓம் தடை வந்துவிட்டது என்று வைத்துக்கொள்வோம். 12 வோல்ட்டில் பல்புக்குக் கிடைப்பது 9.3 வோல்ட்தான். கால்வாசிக்கும் குறைவான இழப்புதானே என்று தோன்றும். ஆனால் இழை பல்பின் வெளிச்சம் மின்னழுத்தத்துக்கு நேர்விகிதத்தில் குறைவதில்லை. அதைவிடப் பல மடங்கு வேகமாகச் சரிகிறது. 9.3 வோல்ட்டில் வெளிச்சம் பாதிக்கும் கீழே போய்விடும். காணாமல் போன மின்சாரம் மாயமாகிவிடுவதில்லை: துருப்பிடித்த அந்த இடத்தில் 7 வாட்டுக்கு மேல் வெப்பமாக மாறுகிறது. ஒரு பார்க்கிங் பல்பு எடுத்துக்கொள்வதைவிட அதிகம். அந்த 1 ஓம் தடை பிளக்குக்குள் இருந்தால் பிளாஸ்டிக் இளகிப் பின் சாய்ந்துவிடும். ஒரு சதுர மில்லிமீட்டர் தடிமன் செம்பு ஒயரில் 1 ஓம் தடை வர வேண்டுமானால் 58 மீட்டர் நீளம் வேண்டும். ஒரு திருகாணியின் துரு அத்தனை நீள ஒயரின் வேலையைச் செய்துவிடுகிறது.

எர்த் முழுசாகவே அறுந்தால் என்ன ஆகும்? விளக்குகள் ஒட்டுமொத்தமாக அணைந்துவிடும் என்றுதான் எதிர்பார்ப்போம். இங்கேதான் தொடக்கத்தில் சொன்ன குழப்பம் பிறக்கிறது. பழவேற்காட்டுக்காரர்களுக்கு இதை விளக்க முகத்துவாரம் போதும். மழைக்காலத்தில் ஆறும் கால்வாயும் ஓடையும் ஏரிக்குள் கொண்டுவரும் தண்ணீர் பெரும்பாலும் அந்த வாய் வழியேதான் கடலுக்குப் போக வேண்டும். வாயை மணல் அடைத்தால் தண்ணீர் நின்றுவிடுவதில்லை. வந்த வழியிலேயே எதிர்த்து ஏறி, தாழ்ந்த இடமெல்லாம் தேடிப் பாய்கிறது. வெள்ளை ஒயரும் டிரெய்லரின் முகத்துவாரம்தான்.

மஞ்சள் ஒயர் வழியே வந்த மின்சாரம் இடது இண்டிகேட்டர் இழையைக் கடந்து எர்த் சந்திப்புக்கு வருகிறது. அங்கே வெளியேற வழியில்லை. அதே சந்திப்பில்தான் பிரேக் பல்புகளின் மறுமுனையும் கட்டியிருக்கிறது. எனவே மின்சாரம் பிரேக் பல்பின் இழைக்குள் பின்னோக்கிப் புகுந்து, சிவப்பு ஒயரில் எதிர்த்திசையில் ஏறி, டிராக்டரின் பிரேக் லைட்டைச் சேர்கிறது. டிராக்டரின் எர்த் நன்றாக இருப்பதால் அந்த வழியே பேட்டரிக்குத் திரும்பிவிடுகிறது. போகிற வழியில் எல்லா இழைகளையும் அரைகுறையாகச் சூடாக்கிவிட்டுப் போகிறது. அதனால்தான் டிரெய்லரின் இண்டிகேட்டர் மங்கலாக, டிராக்டரின் பிரேக் லைட் அதோடு தாளம் போட்டு மினுக்குகிறது.

பிரேக்கை மிதித்தால் வெளிச்சம் குறைவதும் இதே கணக்குதான். அதுவரை பார்க்கிங் விளக்கின் மின்சாரம் பிரேக் இழைகள் வழியாகப் பின்வாசலில் தப்பித்துக்கொண்டிருந்தது. பிரேக் ஒயரிலும் 12 வோல்ட் வந்ததும் அந்த வாசல் மூடுகிறது. மிஞ்சுவது இண்டிகேட்டர் இழைகள் மட்டும். அந்த நெருக்கடியில் பார்க்கிங் விளக்கும் மங்குகிறது, பிரேக் விளக்கும் ஒழுங்காக எரிவதில்லை. பின்னால் வரும் லாரிக்காரருக்கு, முன்னால் போகும் டிரெய்லர் நிற்கப் போகிறது என்ற சேதி வெளிச்சம் குறைந்த வடிவில் போய்ச் சேருகிறது. அறுபது கிலோமீட்டர் வேகத்தில் ஒரு வண்டி நொடிக்குக் கிட்டத்தட்ட 17 மீட்டர் நகரும்.

இப்போது உப்புக்கு வரலாம். சமையல் உப்பு மழைக்காலத்தில் தானே கசிவதை எல்லோரும் பார்த்திருக்கிறோம். காற்றின் ஈரப்பதம் 75 விழுக்காட்டைத் தாண்டினால் சோடியம் குளோரைடு காற்றிலிருந்தே நீரை இழுத்துக் கரைசலாகிவிடும். கடல் உப்பில் மக்னீசியம் குளோரைடும் கலந்திருக்கிறது. அதற்கு 33 விழுக்காடே போதும். சென்னைக் கடலோரத்தில் விடியற்காலை ஈரப்பதம் 75ஐத் தாண்டுவது அன்றாடம். ஆகவே குப்பத்தில் நிறுத்திய வண்டியின் அடிப்பக்கம் மழை பெய்யாவிட்டாலும் இரவெல்லாம் நனைந்தே கிடக்கிறது. கண்ணுக்குத் தெரியாத மெல்லிய உப்புநீர்ப் படலம் ஒவ்வொரு திருகாணியின் மேலும், ஒவ்வொரு பின்னைச் சுற்றியும் படிகிறது. வெயில் ஏறினால் காயும், இருட்டினால் மறுபடி நனையும். உலோகத்தை அரிக்க இதைவிடத் தோதான ஏற்பாடு இல்லை. முழுக்க மூழ்கிய இரும்புக்குக் கிடைப்பதைவிட, நனைந்து காயும் இரும்புக்கு ஆக்சிஜன் தாராளமாகக் கிடைக்கிறது.

செம்பின் கதை இன்னும் நுட்பமானது. வண்டி ஒயர் ஒற்றைக் கம்பியல்ல. முடிபோல மெல்லிய பல இழைகள் சேர்ந்த திரி. இரண்டு ஒயரை முறுக்கி இன்சுலேஷன் டேப் சுற்றிய இணைப்பில் உப்புநீர் ஒரு சொட்டு நுழைந்தால் போதும், திரி எண்ணெயை இழுக்கும் அதே நுண்புழை விசையால் அது இழைகளுக்கு நடுவே ஏறிக்கொண்டே போகும். இணைப்பில் தொடங்கிய கேடு பிளாஸ்டிக் உறைக்குள் நெடுந்தூரம் ஒளிந்து பரவுகிறது. வெளியே பார்த்தால் ஒயர் புதிது மாதிரி இருக்கும். கத்தியால் உறையைச் சீவினால் உள்ளே செம்பு கறுத்துப்போயிருக்கும். முனைக்கு அருகே குளோரைடு கலந்த பச்சைக் களிம்பு பூத்திருக்கும். களிம்பு மின்சாரத்தைக் கடத்தாது. ஈயப்பற்று வைத்தால் ஒட்டவும் ஒட்டாது. அந்தத் துண்டை வெட்டி எறிந்துவிட்டு, பளபளக்கும் செம்பு தெரியும்வரை பின்னோக்கிப் போக வேண்டியதுதான்.

பிளக்குக்குள் நடப்பது வேறு வகை. பின்களுக்கு நடுவே உப்புநீர் நின்றால் அது ஒரு குட்டி மின்பகுப்புத் தொட்டி. பாசிட்டிவ் மின்னழுத்தம் உள்ள பின்னிலிருந்து செம்பும் துத்தநாகமும் அயனிகளாகக் கரைந்து வெளியேறும். எர்த் பின் பெரிதாகத் தேயாமல் இருக்க, எப்போதும் மின்னழுத்தம் தாங்கும் பின் மட்டும் மெலிந்து ஒடிந்து விழுவதன் ரகசியம் இது. விளக்கைப் போட்டபடி டிரெய்லரைத் தண்ணீரில் நிறுத்தினால் இந்தக் கரைதல் வேகமாகும்.

கடற்கரையில் உலோகம் எப்படிக் கெடுகிறது என்பதை ஆராயத் தமிழ்நாட்டிலேயே ஓர் இடம் இருக்கிறது. காரைக்குடியில் அழகப்பச் செட்டியார் கொடுத்த நிலத்தில் 1948இல் நேரு அடிக்கல் நாட்டிய மத்திய மின்வேதியியல் ஆராய்ச்சி நிறுவனம், மண்டபத்தில் கடலோரச் சோதனை நிலையம் ஒன்றை வைத்திருக்கிறது. உலோகத் தகடுகளைச் சட்டங்களில் மாட்டிக் கடல்காற்றில் நெடுங்காலம் விட்டு, எவ்வளவு எடை கரைந்தது என்று நிறுத்துப் பார்ப்பது அங்கே நடக்கும் வேலைகளில் ஒன்று. இந்தியாவின் எந்தப் பகுதியில் அரிப்பு எவ்வளவு என்று காட்டும் வரைபடத்தைத் தயாரித்ததும் இந்த நிறுவனம்தான். மண்டபத்துக்குப் பக்கத்திலேயே 1914இல் திறந்த பாம்பன் பாலம், அரிப்பால் 2022 டிசம்பரில் ரயில் போக்குவரத்தை நிறுத்தவேண்டிய நிலைக்கு வந்தது. தொழிற்சாலைகள் அத்தனை காலம் காத்திருக்க முடியாது. மூடிய பெட்டிக்குள் 35 டிகிரி வெப்பத்தில் 5 விழுக்காடு உப்புக்கரைசலைப் பனியாகத் தெளித்துச் சோதிக்கிறார்கள். 1939இல் அமெரிக்காவில் தரப்படுத்தப்பட்ட அந்தச் சோதனைதான் இன்றும் வண்டி உதிரிபாகங்களுக்கு அளவுகோல்.

டிரெய்லருக்கு என்ன தீர்வு? பதில் குப்பத்துக் கரையிலேயே கிடக்கிறது, ஃபைபர் படகின் வடிவில்.

ஃபைபர் மின்சாரத்தைக் கடத்தாது. படகில் 12 வோல்ட் பேட்டரி வைத்து ஒரு எல்இடி விளக்கோ ஜிபிஎஸ் கருவியோ மாட்டும்போது, உடம்பில் எர்த் எடுக்கும் பேச்சுக்கே இடமில்லை. போக ஒரு ஒயர், வர ஒரு ஒயர் என்று ஒவ்வொரு கருவிக்கும் இரண்டு ஒயர் இழுத்தே ஆக வேண்டும். எல்லா நெகட்டிவ் ஒயர்களும் பேட்டரிக்குப் பக்கத்தில் ஒரே முனையில் சேரும். இரும்பு உடம்பு இல்லாத குறையே படகு ஒயரிங்கை ஒழுங்காக்கிவிடுகிறது. இரும்பு டிரெய்லரையும் ஃபைபர் படகு என்றே நினைத்து ஒயரிங் செய்தால் பாதிக் கோளாறு வராது. ஒவ்வொரு விளக்கிலிருந்தும் தனி எர்த் ஒயர், அவை சேரும் ஒரு சந்திப்பு, அங்கிருந்து பிளக்கின் எர்த் பின்னுக்குத் தடிமனான வெள்ளை ஒயர், சாக்கெட்டிலிருந்து நேராக வண்டியின் பேட்டரி நெகட்டிவ். இரும்பை வழியில் எங்கும் நம்புவதில்லை.

தடிமன் முக்கியம். 6 ஆம்பியரை 10 மீட்டர் தூரம் கொண்டுவர 1 சதுர மில்லிமீட்டர் ஒயர் போட்டால் வழியிலேயே 1 வோல்ட் போய்விடும். 2.5 சதுர மில்லிமீட்டர் போட்டால் இழப்பு 0.4 வோல்ட். மற்ற ஆறு ஒயர்களும் ஆளுக்கொரு விளக்கின் சுமையைத்தான் தாங்குகின்றன என்பதால் அவற்றுக்கு மெல்லிசு போதும். படகுக்கென்று வெள்ளீயப் பூச்சு உள்ள செம்பு ஒயர் விற்கிறது. ஒவ்வோர் இழையும் தனித்தனியே பூசியிருப்பதால் களிம்பு ஏற அதிக காலம் பிடிக்கும். விலை கூடுதல்தான். முழு நீளத்துக்கும் கட்டுப்படியாகாவிட்டால் எர்த் ஒயருக்காவது அதைப் போடலாம்.

வேலை தொடங்குவது வண்டியின் பின்பக்க விளக்கில். ஒயரின் நிறத்தை நம்பக் கூடாது. வண்டிக்கு வண்டி, கேபிளுக்குக் கேபிள் மாறும். டெஸ்ட் லேம்பின் கிளிப்பை எர்த்தில் மாட்டி, ஒருவர் இருக்கையில் உட்கார்ந்து இண்டிகேட்டர், பிரேக், பார்க்கிங் என்று ஒவ்வொன்றாகப் போட, மற்றவர் எந்த ஒயரில் விளக்கு எரிகிறது என்று குறித்துக்கொள்ள வேண்டும். சாக்கெட்டைச் சக்கரம் சேறு வாரியடிக்காத உயரத்தில், மூடி கீழ்நோக்கித் திறக்கும்படி பொருத்தினால் தண்ணீர் உள்ளே தங்காது. சேஸின் ஓட்டை வழியே கேபிள் நுழையும் இடத்தில் ரப்பர் வளையம் இல்லாவிட்டால் தகட்டின் விளிம்பு சில மாதங்களில் உறையை அறுத்துவிடும். டிரெய்லர் முழுசாகத் திரும்பும்போது கேபிள் இழுபடாத அளவுக்குத் தொய்வு வேண்டும்; தரையில் தேயும் அளவுக்கு வேண்டாம்.

இணைப்புகளில்தான் உப்பு நுழைகிறது. ஓடும் ஒயரைக் கத்திபோலக் கடித்துப் பிடிக்கும் பிளாஸ்டிக் கிளிப்புகள் சுலபம், மலிவு. ஆனால் அவை உறையில் ஓட்டை போட்டுத்தான் இணைப்பு கொடுக்கின்றன. அந்த ஓட்டை கடலோரத்தில் திறந்த வாசல். ஒயர் முனையில் உலோகத் தம்பிளை நசுக்கிப் பொருத்தி, அதன்மேல் உட்புறம் பசை பூசிய ஸ்லீவைச் சூடுகாட்டிச் சுருக்கினால், பசை உருகி இடுக்கை நிரப்பிவிடும். டேப் சுற்றுவதாக இருந்தாலும் இந்த ஸ்லீவுக்கு மேல்தான். இரும்பில் எர்த் எடுத்தே ஆக வேண்டிய இடத்தில் உப்புத்தாளால் பெயின்ட்டைச் சுரண்டி வெள்ளை இரும்பு தெரிய வைத்து, பல் வைத்த வாஷர் போட்டு இறுக்கி, முறுக்கி முடித்த பிறகு மேலே பெயின்டோ கிரீஸோ பூச வேண்டும். பெயின்ட்டின் மேலேயே திருகாணி போடுவது பட்டறைகளில் அடிக்கடி நடக்கும் தவறு. பிளக்கின் பின்களில் கொஞ்சம் வாசலின் தடவினால் உப்புநீர் உலோகத்தைத் தொடாது. பின்கள் ஒன்றோடொன்று உரசும் இடத்தில் வாசலின் விலகிக்கொடுப்பதால் மின்சாரத்துக்கும் இடைஞ்சல் இல்லை.

படகை ஏற்றிய டிரெய்லரைத் தண்ணீருக்குள் இறக்குகிறவர்களுக்கு இன்னொரு சங்கதி. வெகுநேரம் எரிந்த விளக்குக்குள் காற்று 60 டிகிரி வரை சூடேறியிருக்கும். அது 28 டிகிரி தண்ணீரில் சட்டென்று மூழ்கினால், உள்ளே இருக்கும் காற்றின் அழுத்தம் பத்தில் ஒரு பங்கு குறையும். இது ஒரு மீட்டர் ஆழத் தண்ணீரின் அழுத்தத்துக்குச் சமம். விளக்கு ஓர் அடி ஆழத்தில் இருந்தாலும் ரப்பர் விளிம்பின் மேல் ஒன்றேகால் மீட்டர் ஆழத்தின் பாரம் அழுத்தும். நீர் உள்ளே உறிஞ்சப்படுகிறது. ஐபி 67 என்று அட்டையில் அச்சடித்த விளக்கு ஒரு மீட்டர் ஆழத்தில் அரை மணி நேரம் தாங்கும் என்று சோதிக்கப்பட்டதுதான்; சூடாக இருக்கும்போது மூழ்கடித்துச் சோதித்ததல்ல. ஆகவே கரைக்கு வந்ததும் பிளக்கைக் கழற்றி, விளக்கு ஆறும்வரை காத்திருந்து பிறகு இறக்குவது உலகெங்கும் படகு டிரெய்லர் வைத்திருப்பவர்களின் வழக்கம். பிளக் கழன்றிருந்தால் மின்பகுப்பும் நடக்காது.

எல்இடி விளக்குகள் வந்தபின் பாதிச் சிக்கல் தீர்ந்தது. மின்சாரம் மிகக் குறைவாகவே ஓடுவதால் 1 ஓம் துரு அவற்றை மங்க வைப்பதில்லை. இழை பல்பு சூடேறி முழு வெளிச்சம் தர நொடியில் ஐந்தில் ஒரு பங்கு ஆகும். எல்இடி போட்ட கணமே எரிகிறது. 60 கிலோமீட்டர் வேகத்தில் வரும் பின்வண்டிக்கு இது 3 மீட்டர் முன்கூட்டிய எச்சரிக்கை. ஆனால் புதுச் சிக்கல்களும் வந்தன. ஈரமான பிளக்கில் பின்னுக்குப் பின் கசியும் சில மில்லி ஆம்பியரே எல்இடியை மங்கலாக எரிய வைத்துவிடும். விளக்கை அணைத்த பிறகும் டிரெய்லரின் பின்னால் சிவப்பு மினுங்கிக்கொண்டிருக்கும். இண்டிகேட்டரை மினுக்க வைக்கும் பழைய ஃபிளாஷர் பல்பின் சுமையை வைத்தே தாளம் போடுகிறது. சுமை குறைந்தால் பல்பு ஃபியூஸ் போய்விட்டதாக நினைத்துப் படபடவென்று மினுக்கும். உலக விதிப்படி இண்டிகேட்டர் நிமிடத்துக்கு 60 முதல் 120 தடவை மினுக்க வேண்டும்.

புதிய கார்களில் நிலைமை இன்னும் வேறு. இந்தியாவில் காருக்குப் பின்னால் டிரெய்லர் மாட்டுவோர் குறைவு. ஆஸ்திரேலியாவிலும் கனடாவிலும் குடியேறிய தமிழர்களுக்கு அது அன்றாடக் காட்சி. இன்றைய காரில் ஒவ்வொரு பல்புக்கும் போகும் மின்சாரத்தை ஒரு கணினி அளந்துகொண்டே இருக்கிறது. விளக்கு ஒயரை நடுவில் வெட்டி டிரெய்லர் ஒயரைச் சேர்த்தால், சுமை கூடிவிட்டது என்று அது அந்த விளக்கையே அணைத்துவிடலாம். அதனால் டிரெய்லருக்கென்று ஒரு தனிப் பெட்டி வைக்கிறார்கள். அது கார் விளக்கிலிருந்து சைகையை மட்டும் வாங்கிக்கொண்டு, விளக்கெரிக்கும் மின்சாரத்தைத் தனி ஃபியூஸ் வழியே பேட்டரியிலிருந்து நேராக எடுக்கும். அந்தப் பெட்டிக்கும் பேட்டரியின் நெகட்டிவ்வுக்கும் நல்ல எர்த் வேண்டும் என்பது மட்டும் மாறவில்லை.

எல்லாம் முடிந்தபின் எர்த் நன்றாக இருக்கிறதா என்று பார்க்கும் சோதனையில்தான் பலர் ஏமாறுகிறார்கள். மல்டிமீட்டரை ‘பீப்’ சோதனையில் வைத்து இரு முனையையும் தொட்டால் ஓசை வருகிறது, ஆகவே எர்த் சரி என்று முடிவு கட்டுகிறார்கள். 30 ஓம் தடை இருந்தாலும் பீப் அடிக்கும் மீட்டர்கள் உண்டு. ஒயரின் முப்பது இழைகளில் ஒரே ஓர் இழை ஒட்டிக்கொண்டிருந்தாலும் அவற்றுக்கு அது சரிதான். மீட்டர் அனுப்பிப் பார்ப்பது சில மில்லி ஆம்பியர். விளக்கு கேட்பது 6 ஆம்பியர்.

சரியான சோதனை விளக்கு எரியும்போது செய்வது. பிரேக், பார்க்கிங், ஒரு இண்டிகேட்டர் மூன்றையும் போட்டுவிட்டு, மீட்டரை டிசி வோல்ட்டில் வைத்து, கறுப்பு முனையைப் பேட்டரியின் நெகட்டிவ்விலும் சிவப்பு முனையை டிரெய்லர் விளக்கின் எர்த் முனையிலும் வைக்க வேண்டும். எர்த் நன்றாக இருந்தால் மீட்டர் 0.5 வோல்ட்டுக்குள் காட்டும். 1 வோல்ட்டைத் தாண்டினால் சிவப்பு முனையை ஒவ்வோர் இணைப்பாக டிராக்டரை நோக்கி நகர்த்திப் பார்க்கலாம். எந்த இணைப்பைத் தாண்டியதும் எண் சட்டென்று விழுகிறதோ, களிம்பு அங்கேதான் இருக்கிறது. கிழக்குக் கரையில் விசைப்படகுகளுக்கு ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை 61 நாள் தடைக்காலம். இன்ஜினும் வலையும் பழுதுபார்க்கும் பருவம். ஐப்பசி மழைக்கு முன்னால் டிரெய்லரின் பிளக்கை நல்ல தண்ணீரில் கழுவி, உலர்த்தி, வாசலின் தடவி, இந்த ஒரு எண்ணைக் குறித்து வைத்துக்கொள்ள அந்த நாட்கள் தோதானவை. அடுத்த வருடம் அதே இடத்தில் மீட்டரை வைக்கும்போது எண் எவ்வளவு ஏறியிருக்கிறதோ, அதுதான் அந்த ஒரு வருடத்தில் உப்புக்காற்று தின்ற அளவு.